நெற்றியில் ஒன்றும் இருக்கக் கூடாது

மற்றவர்களின் தோற்றத்தில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கும் தொழில் என்னுடையது. வவுனியாவுக்கு வடக்கே, ஏ-ஒன்பது வீதியோரம், தண்ணீர்ச் சறுக்குகளும் ராட்டினங்களும் உள்ள ஒரு பெரிய விளையாட்டுப் பூங்காவில் நான் உடுப்பறைக்குப் பொறுப்பு. முன்பு வீட்டில் தையல் மெசின் வைத்திருந்தவள் என்பதால் இந்த வேலை கிடைத்தது. சட்டை தைப்பதும் திருத்துவதும் பாதி வேலை. காலையில் வாசலில் நின்று, வேலைக்கு வரும் ஒவ்வொருவரையும் தலை முதல் கால் வரை பார்த்து உள்ளே விடுவது மீதி.

கடையிலோ வங்கியிலோ யாரோ தெரிவு செய்த நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு நாள் முழுக்கச் சிரித்துப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. எங்கள் நிறம் மஞ்சள். மஞ்சள் ரீசேட், ஆண்களுக்கு முதலில் நீல அரைக்காற்சட்டை, பெண்களுக்கு நீல முழுக்காற்சட்டை, வெள்ளைச் சப்பாத்து. மற்ற விதிகள் கொழும்பிலிருந்து ஒரு தாளில் வந்தன. அதை உடுப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். நகம் வெட்டியிருக்க வேண்டும். ஆண்கள் தினமும் சவரம் செய்ய வேண்டும். கழுத்திலும் கையிலும் நெற்றியிலும் ஒன்றும் இருக்கக் கூடாது. சங்கிலியும் காப்பும் இயந்திரத்தில் மாட்டிவிடுமாம், சரி. நெற்றியில் இருப்பது எந்த இயந்திரத்தில் மாட்டும் என்று தாளில் இல்லை. எல்லாரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று மட்டும் இருந்தது. அந்த ஒரு விதியில்தான் யன்னலில் ரிக்கற் விற்கும் மகேஸ்வரியின் வேலை தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், ஆனால் அதற்கு முன் கால்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அரைக்காற்சட்டை

அன்ரன் முல்லைத்தீவுக் கரையோரத்து மீன்பிடிக் குடும்பத்துப் பெடியன். பெரிய சறுக்கின் உச்சியில் நின்று ஆட்களை ஒவ்வொருவராக இறக்கிவிடுவது அவன் வேலை. சிறுவயதில் சண்டைக்குள் செல் விழுந்து கிழித்த தழும்பு அவன் வலது காலில் கணுக்கால் தொடங்கி முழங்கால் வரை ஓடுகிறது. பூங்கா திறந்த முதல் வாரத்திலேயே ஒரு பெண்மணி, பிள்ளைகள் அந்தக் காலைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்று மனேஜரிடம் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் மனேஜர் கொழும்புப் பெடியன், கெட்டவர் அல்ல. அன்ரனிடம் நேரே சொல்லக் கூச்சப்பட்டு என்னிடம் சொன்னார். அவனுக்கு மட்டும் முழுக்காற்சட்டை ஒன்று தைத்துக் கொடுத்தேன்.

அடுத்த நாள் காலை உடுப்பறை வாசலில் ஒரு வரிசை நின்றது. ஒருவன் முழங்காலைக் காட்டினான், ஒருவன் கெண்டைக்காலைக் காட்டினான், இன்னொருவன் தொடைக்குள் இன்னும் கிடக்கும் செல் துண்டைத் தடவிப் பார்க்கச் சொன்னான். காயமே இல்லாத ஒருவனும் நின்றான், தன் கால் கொக்குக் கால் என்பது அவன் காரணம். பெடியள் பகிடி விடுகிறார்கள் என்று நினைத்து மனேஜர் இறங்கி வந்தார். கால்களைப் பார்த்தார், திரும்பிப் போனார். அந்த வாரமே ஆண்கள் எல்லாருக்கும் முழுக்காற்சட்டை என்று முடிவாயிற்று. புதுக் காற்சட்டையின் மடிப்பை நீவிக்கொண்டு அன்ரன் என்னிடம் கேட்டான்: “சறுக்கிலை இறங்கிற சனத்தின்ரை கால்களை நீங்கள் பாத்தனீங்களே அக்கா? அவைக்கு ஆர் முழுக்காற்சட்டை குடுக்கிறது?”

தொப்பி

மகேஸ்வரி பூவரசங்குளத்திலிருந்து வருபவள். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம், கல்யாணம் செய்தது மல்லாவியில். சண்டை முடிந்த நாட்களில் சனத்தோடு சனமாக ஆமிக்காரரின் பக்கத்துக்கு நடந்து வந்தபோது அவளுடைய கணவனை விசாரணைக்கென்று ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். அவள் கண்முன்னேதான் ஏறினான். அதன் பிறகு அவனைக் கண்டவர் இல்லை. அன்று அவள் இடுப்பில் இருந்த கைக்குழந்தை இப்போது உயர்தரம் படிக்கிறாள். அந்தப் படிப்பு எங்கள் பூங்காவின் ரிக்கற் யன்னலில் தாய் வாங்கும் சம்பளத்தில்தான் நடந்தது.

எங்கள் பக்கத்தில் கணவனைத் தேடிக்கொண்டிருக்கும் பெண்கள் பொட்டை அழிப்பதில்லை, தாலியைக் கழற்றுவதில்லை. அழித்தால் அவன் இல்லை என்று தானே ஒத்துக்கொண்டதாகிவிடும். இதை யாரும் தாளில் எழுதி ஒட்டவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். எனக்கு அந்த இடைஞ்சல் இல்லை. என்னுடையவரை நானே பக்கத்தில் நின்று புதைத்தேன், இடமும் தெரியும். அந்த விசயத்தில் மகேஸைவிட நான் அதிட்டக்காரி என்று பல தடவை நினைத்திருக்கிறேன். நினைக்கவே வெட்கமாக இருக்கும், ஆனாலும் நினைத்திருக்கிறேன்.

முதல் நாள் வாசலில் அவளை மறித்து விதியைச் சொன்னேன். தாலிக்கொடியை ரீசேட்டுக்குள் விட்டாள், வட்டக் கழுத்து என்பதால் வெளியே தெரியவில்லை. பொட்டை என்ன செய்வது? வேலை போனால் மகளின் படிப்பும் போகும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சுவரில் இருந்த தாளை வாசித்தாள். பிறகு, வெயிலில் நிற்பவர்களுக்குக் கொடுக்கும் மஞ்சள் தொப்பியில் தனக்கும் ஒன்று வேண்டும் என்றாள். நிழலில் இருப்பவளுக்குத் தொப்பி எதற்கு என்று நான் கேட்கவில்லை. புருவம் வரை இழுத்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “மறைக்கிறது வேறை அக்கா, அழிக்கிறது வேறை.”

பாராட்டு

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்து எங்கள் தோற்றத்தைப் பரிசோதிப்பார். ஒருமுறை நகம், சப்பாத்து, ரீசேட் மடிப்பு என்று பார்த்துக்கொண்டே வந்தவர் ரிக்கற் யன்னலுக்கு முன்னால் நின்றுவிட்டார். மகேஸ் நிமிரவில்லை. அவர் திருப்தியோடு மனேஜரைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “இந்தத் தொப்பி நல்லா இருக்கு. ரிக்கற் குடுக்கிற எல்லாரும் இனி இப்படித்தான் போடணும். இவங்களைப் பார்த்துப் பழகட்டும்.”

முயலின் தாடி

காந்தன் நீச்சல் தடாகத்துக் காவலாள், கிளிநொச்சிப் பெடியன். தகப்பன் செத்து எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்த கையோடு வேலைக்கு வந்துவிட்டான், தாடியோடு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை கொள்ளி வைத்த மகன் சவரம் செய்வதில்லை. தாளோ தினமும் சவரம் என்கிறது. மனேஜர் தலையைச் சொறிந்தார், கடைசியில் அவனை முயலுக்குள் போட்டார். எங்களிடம் ஆள் உயரத்தில் ஒரு முயல் உண்டு. பஞ்சு அடைத்த வெள்ளை உடம்பு, இரண்டு கையாலும் தூக்கி மாட்ட வேண்டிய தலை. உள்ளே நிற்பவருடைய தாடியை யாரும் பார்க்கப் போவதில்லை. வன்னி வெயிலில் அதற்குள் நிற்க வேறு எவரும் முன்வந்ததும் இல்லை.

காந்தன் ஒத்துக்கொண்டான், ஆனால் தகப்பன் செத்த துடக்கோடு ஆடமாட்டேன் என்று சொல்லிவிட்டான். ஆகவே முயல் அசையாமல் நின்றது. பிள்ளைகள் கிட்ட வந்தால், செத்தவீட்டு வாசலில் நிற்பவரைப் போல ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தது. இரண்டு பிள்ளைகளோடு வந்த ஒரு தகப்பனுக்குப் பொறுக்கவில்லை. என்னிடம் வந்து, “உங்கடை முயல் ஒருக்காத் துள்ளினா என்ன குறைஞ்சு போடும்? பிள்ளையள் பயப்பிடுதுகள்” என்றார்.

அந்தியேட்டி முடிந்து காந்தன் மழித்த முகத்தோடு தடாகத்துக்குத் திரும்பினான். அவனுக்கு ஒரு வழி பார்த்த மனேஜர் உனக்கும் பார்க்க மாட்டாரா, வாய் திறந்து கேளேன் என்று மகேஸைப் பிடித்துக்கொண்டேன். அவள் தொப்பியைக் கழற்றி, வியர்வையில் கரைந்திருந்த பொட்டைக் கண்ணாடியில் பார்த்துச் சரிசெய்தாள். பிறகு சொன்னாள்: “அவனுக்கு முப்பத்தோராம் நாளெண்டு ஒண்டு இருந்தது. எனக்கு எத்தினையாம் நாளெண்டு மனேஜர் கேட்டா என்னத்தைச் சொல்லுறது?”

மல்லாவியிலிருந்து வந்தவர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மல்லாவியிலிருந்து ஒரு வான் நிறைய ஆட்கள் வந்தார்கள். அவர்களில் ஒருத்தி ரிக்கற் யன்னலுக்கு முன்னால் தேவைக்கு அதிகமாக நின்று மகேஸையே பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் மகேஸின் மாமியாருக்கு அயல்வீடு என்று பிறகுதான் அறிந்தோம். கழுத்தில் தாலி தெரியவில்லை, நெற்றியில் பொட்டுத் தெரியவில்லை. எங்கள் சனம் இப்படியான செய்தியை வாயால் கேட்பதில்லை, நெற்றியைப் பார்த்து அறிந்துகொள்ளும். மகேஸுக்கு உறுதியான தகவல் ஏதோ கிடைத்துவிட்டது, அதனால்தான் எல்லாவற்றையும் எடுத்துவிட்டாள் என்று அந்தப் பெண் முடிவு கட்டினாள். வான் திரும்பிப் போய்ச் சேர்ந்த கையோடு மாமியார் வீட்டில் சனம் கூடிவிட்டதாம்.

திங்கட்கிழமை மாமியார் பஸ்ஸில் வந்து இறங்கினார். போனில் கேட்கக்கூடிய விசயமா அது? அழுது வீங்கிய முகத்தோடு, துவாயும் மாற்றுடுப்பும் கொண்டு வந்த குடும்பங்களுக்கு நடுவே, தன் முறை வரும்வரை வரிசையில் நின்றார். மகேஸ் தலையை நிமிர்த்தாமல் எத்தனை பேர் என்று கேட்டாள். “எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாம் பிள்ளை. எப்ப அறிஞ்சனி?” என்றார் மாமியார்.

மகேஸுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தாள். ரீசேட்டுக்குள் கைவிட்டுத் தாலிக்கொடியை வெளியே இழுத்துப் போட்டாள். மாமியார் ரிக்கற் கொடுக்கும் ஓட்டைக்குள்ளால் கையை விட்டார், மகேஸ் குனிந்து கொடுத்தாள். நெற்றியைத் தொட்டுவிட்டு, விரலில் ஒட்டிய குங்குமத்தை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். வரிசையில் நின்றவர்களில் அரைவாசிப் பேருக்காவது என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்கும். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. வாசலில் நின்ற நான் வெட்கமில்லாமல் அழுதேன். மனேஜரும் வந்து பார்த்துக்கொண்டு நின்றார். போகும்போது மாமியார் சொன்னது இவ்வளவுதான்: “இதை மூடி வைக்காதை பிள்ளை. நான் இதை நம்பித்தான் சோறு தின்னுறனான்.”

பின்பக்கம்

அதற்குப் பிறகு மகேஸ் தொப்பி போடவில்லை. மனேஜர் அன்றே கொழும்போடு பேசினார், அவளுக்காக நல்லாகவே பேசினார். விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்று பதில் வந்தது. ஆனால் வருகிறவர்களின் கண்ணில் படாத இடத்தில் வேலை செய்பவர்களுக்கு அந்த விதி இல்லையாம். பின்பக்கத்துச் சலவை அறையில் துவாய் மடிக்கலாம், சம்பளம் அதேதான், பொட்டும் வைத்துக்கொள்ளலாம். எனக்குப் பெரிய ஆறுதல். வேலை தப்பியது, பிள்ளையின் படிப்புத் தப்பியது என்று அவளுக்கு ஒரு நல்ல கதிரை தேடிப் போட்டேன்.

அவள் வந்து சலவை மெசின்களுக்கு நடுவே நின்று சுற்றிப் பார்த்தாள். அந்த அறைக்கு யன்னல் இல்லை. அடுத்த நாள் தன் மஞ்சள் ரீசேட்டுகளைத் தோய்த்து, அழுத்தி, மேலே தொப்பியையும் வைத்துக் கொண்டுவந்து தந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மல்லாவிச் சந்தைப் பக்கம் மரக்கறி விற்கப் போகிறாளாம். உனக்கென்ன விசரா, உள்ளே இருந்தால் யார் உன் பொட்டைக் கேட்கப் போகிறார்கள், பெட்டையின் படிப்பை நினைத்துப் பார்த்தாயா என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். பயந்தது நடக்கத்தான் செய்தது, அந்தப் பக்கம் போய் வந்த அன்ரன், மகள் ரியூசனை நிறுத்திவிட்டுத் தாயோடு கடையில் நிற்பதாகப் பிறகு சொன்னான். அன்று நான் ஏசி முடிக்கும்வரை மகேஸ் பொறுமையாக நின்றாள். கோபிக்கவும் இல்லை. “இந்த அறைக்குள்ளை ஆருக்கக்கா நான் பொட்டு வைக்கிறது?” என்றாள். “நாலு சனம் காணவேணும். கண்டாத்தான் அவர் இருக்கிறார்.”

நான் இன்னும் ஒவ்வொரு காலையும் அந்த வாசலில் நின்று, விதிப்படி வெறுமையாக வரும் நெற்றிகளைச் சரிபார்த்து உள்ளே விடுகிறேன், ஆனால் ஆட்களை விளையாட்டுப் பூங்காவுக்கு அனுப்புகிறேனா செத்தவீட்டுக்கு அனுப்புகிறேனா என்றுதான் எனக்கு விளங்குவதில்லை.