அப்பா தைத்த உள்பை

என் பழைய ஜீன்ஸின் இடுப்புக்கு உள்ளே ஒரு சின்னத் துணிப்பை இருக்கிறது. அப்பா தைத்தது. தான் இடுப்பில் கட்டும் பழைய சாரத்தைக் கிழித்து, கறுப்பு நூலால் தைத்தார். தையல் நேராக இராது. ஆனால் எவ்வளவு இழுத்தாலும் அறாது. பள்ளிக்கூடத்தில் எங்களை எங்கேயாவது கூட்டிப்போகிறார்கள் என்றால் அப்பா ஊசியோடு உட்கார்ந்துவிடுவார். "அப்பா, நாங்கள் காட்டுக்கு ஸ்கீ ஓடத்தான் போறம்" என்பேன். "காட்டுக்கையும் பொலிஸ் நிப்பான். கொண்டா இஞ்சை" என்பார். நான் வளர வளர ஒரு காற்சட்டையிலிருந்து பிரித்து அடுத்ததில் அதே பையைத் தைத்தார். கடைசியாகத் தைத்தது இந்த ஜீன்ஸில்.

ஒஸ்லோவுக்கு வந்து எடுத்த கடவுச்சீட்டு இல்லாமல் அப்பா வீட்டுப்படி இறங்கமாட்டார். நாங்கள் இருக்கும் ரொம்சோஸிலிருந்து பக்கத்து ஊர் ஸ்ட்ரோம்மனுக்குச் சாமான் வாங்கப் போனாலும் அது நெஞ்சுப் பைக்குள் இருக்கும். கீழ்வீட்டு மாமா பகிடி பண்ணுவார்: "என்ன அண்ணை, ஸ்ட்ரோம்மனுக்கு விசா கிடைச்சிட்டுதோ?" அப்பா சிரிக்கமாட்டார். அவர் ஊரைவிட்டு வந்தபோது மொஸ்கோவில் ஒரு அறையில் இருந்திருக்கிறார். கூட்டிவந்த ஏஜென்ட் பிஸ்கற் பெட்டியை நீட்டி, "தம்பி, பாஸ்போட்டைத் தாரும், முத்திரை குத்திக்கொண்டு வாறன்" என்று சிரித்துக் கேட்டானாம். கொடுத்தார். அவன் கதவைச் சாத்திக்கொண்டு போனவன்தான். அந்தப் பனிக்காலம் முழுக்க அப்பா அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சிரிச்சுக் கேக்கிறவனுக்குக் குடுக்காத பிள்ளை" என்பது அவர் எனக்கு ஓயாமல் சொன்ன சொல். ஆஸ்பத்திரியிலும் கடவுச்சீட்டு தலையணைக்குக் கீழே இருந்தது. தாதி எடுத்துக் கட்டிலருகு மேசை லாச்சிக்குள் வைத்ததற்கு, "அவ ஏன் அதைத் தொட்டவ?" என்று இரவு முழுக்கக் கேட்டார். பிறகு ஒருநாள் என் கையைப் பிடித்து அதை வைத்தார். "ஒருத்தரிட்டையும் குடாத" என்றார்.

அவர் போன பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. படிப்பை ஏற்கெனவே பாதியில் விட்டிருந்தேன். முதியோர் இல்லமொன்றில் உடுப்புத் தோய்க்கும் வேலை. மெஷினுக்கு முன்னால் நின்றபடியே கண் சொருகும், வீட்டில் படுத்தால் விழித்துக்கொள்ளும். கூட வேலை செய்த ஒருத்தி தெற்கே வெயில் கொட்டும் கிரேத்தா தீவில் ஒரு விடுதி இருக்கிறது, மலிவு, சத்தமே இல்லை என்றாள். அம்மா நம்பவில்லை.

"தனியவோ? ஆரோட போறாய், உண்மையைச் சொல்லு."

"ஒருத்தரோடையும் இல்லை அம்மா. நித்திரை கொள்ளப் போறன்."

"நித்திரை கொள்ள ஆராவது பிளேன் ஏறுவினமோ?"

இன்னொன்றையும் சொன்னார்: "அப்பான்ரை பாஸ்போட்டைப் பொலிசிலை குடுக்கவேணும் எண்டு கடிதம் வந்து கிடக்கு. போக முதல் குடுத்திட்டுப் போ." நான் கொடுக்கவில்லை. என்னுடையதையும் அவருடையதையும் ஒன்றாக அந்த உள்பைக்குள் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

விடுதி வெள்ளை வீடு. முற்றத்துக்கு மேலே திராட்சைப் பந்தல். வெயிலிலிருந்து உள்ளே போனதும் எனக்குக் கண் இருண்டது. கறுப்புச் சட்டை போட்ட வீட்டுக்காரி சிரித்தபடி கையை நீட்டினார். பெயரைப் பதிய வேண்டும், பாஸ்போட் வேண்டும், பிறகு தருவேன் என்றார். சிரித்துக் கேட்கிறார்! ஆனாலும் கட்டில் வேண்டுமே. திரும்பி நின்று உள்பையிலிருந்து ஒன்றை இழுத்துக் கொடுத்தேன். அவர் திறந்தும் பார்க்காமல் மேசை லாச்சிக்குள் போட்டார். பூட்டு இல்லாத லாச்சி. மேலே போய்க் கட்டிலில் உட்கார்ந்து மற்றதை எடுத்துத் திறந்தேன். என் முகம் இருந்தது. அப்பாவை அல்லவா கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்!

திரும்பக் கேட்கப் பயம். செத்துப்போனவரின் கடவுச்சீட்டோடு ஏன் திரிகிறாய் என்று பொலிசைக் கூப்பிட்டால்? பறித்துவிட்டால்? கீழே இறங்கி லாச்சிக்கு நேரே ஒரு கதிரையில் உட்கார்ந்தேன். எல்லோரும் கடலுக்குப் போனார்கள். பக்கத்துக் கட்டில் பெண் வெயிலுக்குப் பூசும் கிறீமை நீட்டினாள். எதற்குத் தருகிறாள் என்று யோசித்து, வேண்டாம் என்றேன். வீட்டுக்காரி தர்ப்பூசணி வெட்டி வைத்தார். மயக்க மருந்து கலந்திருக்குமோ என்று நான் தொடவில்லை. எறும்பு தின்றது. அவர் தொலைபேசியில் கதைத்தபோதெல்லாம் என்னைப் பற்றித்தான் என்று நினைத்தேன். ஒரு சொல்லும் விளங்கவில்லை. அதனால் இன்னும் சந்தேகம்.

பின்னேரம் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லாச்சியைத் திறந்தார். ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்தவர் நிறுத்தினார். படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இது நீ இல்லையே."

"என்ரை அப்பா" என்றேன், என் அரைகுறை ஆங்கிலத்தில்.

"எங்கே அவர்?"

அதுவரைக்கும் அந்தச் சொல்லை நான் ஒரு மொழியிலும் சொன்னதில்லை. வீட்டில் "அப்பா போனபிறகு" என்போம். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அப்படிச் சுற்றிச் சொல்ல இடமில்லை. "செத்துப்போனார்" என்றேன். அவர் கடவுச்சீட்டை மூடினார். ஏப்ரனில் அதன் மட்டையை ஒருதரம் துடைத்தார். இரண்டு கைகளாலும் பிடித்து என் மடியில் வைத்தார். என்னுடையதை அவர் கேட்கவே இல்லை.

மேலே போய்ப் படுத்தவள் ஆட்டு மணிச் சத்தத்துக்குத்தான் எழும்பினேன். அடுத்த நாள் காலை. ஜீன்ஸ் இடுப்பில் இல்லை! துடித்துப்போய்ப் பார்த்தால் கட்டில் காலில் தொங்கிக்கொண்டிருந்தது. நான்தான் கழற்றிப் போட்டிருக்கிறேன். உள்பைக்குள் இரண்டும் இருந்தன. கீழே போய் என்னுடையதை நானாகவே நீட்டினேன். அவர் அதையும் பார்க்காமல் லாச்சிக்குள் போட்டார். கடலுக்குப் போகிற வழியில் நான் திரும்பித் திரும்பிப் பார்த்தது உண்மைதான். ஆனால் போனேன். மிச்ச நாளெல்லாம் தின்றேன், நித்திரை கொண்டேன், எழும்பித் திரும்பத் தின்றேன்.

ஒஸ்லோவுக்கு வந்ததும் பொலிஸ் கவுண்டருக்குப் போனேன். என் வயதுப் பெடியன் ஒருவன் சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். "திருப்பித் தருவீங்களோ?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டேன். இனிச் செல்லாதபடி ஓட்டை போட்டுத் தருவோம் என்றான். கொடுத்தேன். அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஒரு கதவைத் திறந்து போய்ச் சாத்தினான். நான் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் நின்றவர் செருமினார். நான் விலகவில்லை. கதவு திறந்தது. அவன் கொண்டுவந்து தந்தான்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா அகப்பையோடு குசினி வாசலில் நின்றார்.

"குடுத்திட்டியோ?"

"குடுத்தனான். திருப்பித் தந்தவங்கள் அம்மா."

அம்மா வாங்கி ஓட்டைக்குள்ளால் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு முகம் மாறியது. "எல்லாப் பக்கமும் கிடக்கோ? வடிவாப் பாத்தனியோ?" அச்சாக அப்பாவேதான்! இருவரும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினோம். எல்லாம் இருந்தன.

ஜீன்ஸ் இப்போது எனக்கு இறுக்கம், போடுவதில்லை. அலுமாரியில் மடித்து வைத்திருக்கிறேன். அப்பா உள்பைக்குள் இருக்கிறார். அம்மா இடைக்கிடை கையை விட்டுப் பார்ப்பது எனக்குத் தெரியும். நானும் பார்ப்பேன்.