தேசப்பன் பெயரில் ஒரு பென்டிரைவ்

தேசப்பன் எங்கள் பட்டறையில் சேர்ந்தது 2014 ஆகஸ்ட் 4, திங்கட்கிழமை. காக்களூர் தொழிற்பேட்டையில் இருபத்திரண்டு பேர் வேலை செய்த சிறிய பட்டறை அது. நான் ஸ்டோர் கீப்பர். அவர் கம்ப்யூட்டரில் வரைபடம் போடுகிறவர். அவருடைய தாய் தகப்பன் கவரைப்பேட்டைப் பக்கம் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் ஐ.டி.ஐ. முடித்த முதல் ஆள் அவர்தான். செவ்வாப்பேட்டையில் வாடகைக்கு வீடு எடுத்து, ரயிலில் வந்துபோனார்.

துளை போடும்போது இரும்பு அசையாமல் பிடித்துக்கொள்ளும் சட்டத்துக்கு ஜிக் என்று பெயர். தேசப்பன் வரைந்த ஜிக்கில் போட்ட துளை தவறியதாக என் நோட்டில் ஒரு பதிவும் இல்லை.

2017இல் வாடிக்கையாளர்கள் அனுப்பிய புதிய வரைபடங்கள் எங்கள் பழைய மென்பொருளில் திறக்கவில்லை. தேசப்பன் ஒரு யோசனை சொன்னார். பல நாடுகளில் பலர் சேர்ந்து எழுதி, உள்ளே இருப்பதை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கும் மென்பொருள் ஒன்று உண்டு. அதை வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுப் பழகியிருந்தார். ஒரு சனிக்கிழமை முதலாளி ராஜவேலுவுக்கு அதில் ஒரு ஜிக்கை வரைந்தும் காட்டினார். சும்மா கொடுப்பதை நம்பி வாடிக்கையாளரை இழக்க முடியாது என்று முதலாளி மறுத்துவிட்டார்.

ஜூன் 13, செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால். நான் ஸ்டோரில் துளை போடும் ட்ரில் பிட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். முதலாளி தேசப்பனை அங்கேயே கூப்பிட்டார்.

"கம்பெனி சாப்ட்வேர லட்ச லட்சமா குடுத்து எவன் வாங்குவான்? மெட்ராசுல பென்டிரைவுல போட்டுக் குடுக்கறானாம். போய் வாங்கினு வந்து ஏத்து."

"அது திருட்டுக் காப்பி சார். கம்ப்யூட்டர நெட்டுல மாட்னா கண்டுபுடிச்சுடுவான்."

"கண்டுபுடிச்சா நான் பாத்துக்கறேன். உன் பேருலயா கம்பெனி கீது?"

மறுநாள் தேசப்பன் கொண்டுவந்தார். வாசலுக்குள் வரும் எதையும் பதியாமல் நான் விட்டதில்லை; ஒரு பெட்டி நட்டு வந்தாலும் கொண்டுவந்தவர் பெயர் இருக்கும். அன்றும் எழுதினேன்: வரைபட மென்பொருள், பென்டிரைவ் 1, கொண்டுவந்தவர் தேசப்பன். அவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "இதயுமா சார் எழுதுவீங்க?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கொண்டுவரச் சொன்னவர் யார் என்பதற்கு என் நோட்டில் கட்டம் கிடையாது.

ஏறக்குறைய ஐந்து வருடம் கழித்து, 2022 மார்ச் 8 அன்று, மென்பொருள் கம்பெனியின் வக்கீல்கள் வந்தார்கள். தேசப்பன் பயந்தபடியே நெட் வழியாகத்தான் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. முதலாளி என் நோட்டை வாங்கி அந்தப் பக்கத்தைக் காட்டினார். தமக்குத் தெரியாமல் ஓர் ஊழியர் செய்த வேலை என்றார். வக்கீல் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: இந்தப் பதிவு உண்மையா?

தேசப்பன் கம்ப்யூட்டர் அருகே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உண்மை என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

முதலாளி காசு கட்டி முறைப்படி மென்பொருள் வாங்கிக்கொண்டார். சமரசக் கடிதத்தில் தேசப்பன் பெயரை எழுதி, அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டதாகக் குறிப்பிட்டார்கள். காக்களூரில் செய்தி பரவ இரண்டு நாள் போதும். எந்தப் பட்டறையும் அவரை வரைபட வேலைக்கு எடுக்கவில்லை. குடும்பத்தோடு கும்மிடிப்பூண்டிக்குப் போய், ஒரு தொழிற்சாலையில் பிரஸ் மெஷின் ஓட்டச் சேர்ந்தார்.

நடந்ததை நடந்தபடியே மூன்று பக்கம் எழுதினேன். தேதி, நேரம், முதலாளி சொன்ன சொற்கள், என் கையெழுத்து. அதை எடுத்துக்கொண்டு சென்ற மாதம் கும்மிடிப்பூண்டிக்குப் பஸ் ஏறினேன். இதைக் காட்டினால் அவருக்குப் பழைய வேலை கிடைக்கும் என்று நம்பினேன்.

கதவைத் திறந்தது அவர் மனைவி ஜோதிலட்சுமி. "நோட்டு சாரா? வாங்க. எங்க ஊட்டுக்கு வந்ததயும் எழுதிக்குவீங்களா?" என்றார். டீ மட்டும் கொடுக்கத் தவறவில்லை.

மேசையில் பழைய லேப்டாப் திறந்திருந்தது. ஷிப்டுக்குப் போகும் முன் தினமும் ஒரு மணி நேரம், அந்த இலவச மென்பொருளில்தான், ஜிக் வரைகிறாராம். எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று நெட்டில் போட்டுவிடுகிறார். இதுவரை நாற்பத்தொன்று. ஓசூரில் யாரோ ஒருவர் அதில் ஒன்றைச் செய்து பார்த்துவிட்டுப் படம் அனுப்பியிருந்தார். காட்டும்போது தேசப்பன் முகத்தில் பழைய களை தெரிந்தது.

நான் காகிதத்தைக் கொடுத்தேன். நிதானமாகப் படித்தார். கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்குக் கீழே நான் போட்டிருந்த தேதியில் அவர் விரல் நின்றது.

"எல்லாம் கரெக்டா கீது சார். மொதலாளி எப்ப செத்தாரு?"

"போன மாசம் பதினாறு."

"நீங்க எழுதனது இந்த மாசம் நாலு."

நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அன்னிக்கி வாயில ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும் சார். இப்ப இத எவன் கிட்ட போய்க் காட்றது? செத்தவரு மேல பழி போடறான்னுவான்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. காகிதத்தை மடித்து என் சட்டைப்பையில் அவரே வைத்தார். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, என்னைப் பஸ் நிறுத்தம் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்.

வக்கீல் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன் என்று நான்கு வருடமாக எனக்கு நானே சொல்லிவந்தேன். அது சரியில்லை. அன்று முதலாளி என் எதிரில் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பயமாக இருந்தது.