காலையில் மட்டும் கணீரென்று

அவளுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. பேருந்து நிலையத்தின் அறிவிப்பு அறையில்கூட நின்றுகொண்டேதான் மைக்கைப் பிடிப்பாள். ஒரு வண்டியின் தடத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கண் அடுத்த வண்டிக்குப் போய்விடும். கூட வேலை செய்பவர்கள் அவளை 'வெண்கலம்' என்றுதான் கூப்பிடுவார்கள். குரல் அப்படி.

அந்தக் குரல்தான் மாலையானால் அவள் காலை வாரிவிடத் தொடங்கியது. முதலில் மூக்கால் பேசுவதுபோல் ஆனது. பிறகு சொற்கள் குழறின. இடது கண்ணின் இமை பாதி சாத்திய கதவாகத் தொங்கியது. "அம்மா ஊத்திக்கிட்டு வர்றாங்கப்பா" என்று ஒரு கண்டக்டர் கிளப்பிவிட்டார். நிலையம் முழுக்கப் பரவிவிட்டது.

நரம்பு மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னார்: மயஸ்தீனியா கிராவிஸ். நரம்பு கட்டளை அனுப்புகிறது. அதைத் தசை வாங்கிக்கொள்ளும் இடத்தை உடம்பின் காவல் படையே எதிரியென்று நினைத்துத் தாக்குகிறது. அதனால் வேலை செய்யச் செய்யத் தசை சோரும், ஓய்வெடுத்தால் தேறும். மாத்திரையை வேளை தவறாமல் போட வேண்டும், ஒருவேளை ஆயுள் முழுக்க. 'ஆயுள் முழுக்க' என்றதும் அவளுக்கு அந்த அறையிலேயே இருப்புக் கொள்ளவில்லை.

நாத்தனார் அவளை ஒரு ஹோமியோபதி டாக்டரிடம் கூட்டிப் போனாள். எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குவீர்கள், இடிக்குப் பயமா, யார்மேலாவது ஆறாத கோபம் உண்டா என்று அவர் சாவகாசமாக விசாரித்தார். பிறந்ததிலிருந்து யாரும் அவளை இப்படிக் கேட்டதில்லை. நோயைப் பார்த்து அல்ல, ஆளைப் பார்த்து மருந்து கொடுப்பது தங்கள் முறை என்றார். இனிப்பு உருண்டைகளைக் கொடுத்து, லீவு போட்டு ஓய்வெடுக்கச் சொன்னார். வாசல்வரை வந்தும் சொன்னார்: "அந்த டாக்டர் குடுத்த மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்கம்மா."

லீவில் உடம்பு தேறியது. ஓய்வுக்குத் தேறிய உடம்பு. பெயரை இனிப்பு உருண்டை தட்டிக்கொண்டு போனது. அவள் யாருக்கும் சொல்லாமல் நரம்பு மருத்துவரின் மாத்திரையை நிறுத்தினாள்.

அறிவிப்பாளர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலைக்குக் கிளம்பும் முன், இருப்பதிலேயே நீளமான தடத்தின் ஊர்களை ஒரே மூச்சில் சொல்லித் தொண்டையைப் பார்த்துக்கொள்வார்கள். அவளும் காலையில் எழுந்ததும் அடுப்படியில் நின்று சொன்னாள். கணீரென்று வந்தது. தினமும் வந்தது.

அவள் கணவர் பணிமனை மெக்கானிக். "நின்ன வண்டி எங்கயாவது சூடாகுமா? சாயங்காலம் சொல்லிப் பாரு" என்றார்.

"நல்ல வார்த்தையே வராதா உங்க வாயில?" என்று, லீவு முடிந்த முதல் நாள் வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

அன்று மாலைக் கூட்டத்தில் ஊர்ப் பெயர்கள் குழைய ஆரம்பித்தன. பக்கத்திலிருந்த பெண் மைக்குக்குக் கை நீட்டினாள். இவள் கொடுக்கவில்லை. கொடுத்தால் மறுபடியும் குடிகாரிப் பட்டம்தான். தண்ணீர் குடித்தாள், மூக்கு வழியாக வந்தது. தலை நிற்கவில்லை. மூச்சை உள்ளே இழுத்தாள், வரவில்லை. செத்துவிடுவோம் என்று அப்போதுதான் பயந்தாள். கதை கட்டிய அதே கண்டக்டர்தான் அவளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினார்.

பணிமனையிலிருந்து பதறி ஓடிவந்த கணவர் ஹோமியோபதி டாக்டருக்குப் போன் செய்தார். "என்கிட்ட கூட்டிட்டு வராதீங்க, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. மூச்சு சம்பந்தப்பட்டது, இது என் மருந்துக்கு அடங்காது" என்றார் அவர்.

தொண்டையில் குழாய், பக்கத்தில் இவளுக்காக மூச்சு விடும் இயந்திரம். கொஞ்சம் தேறியதும் குழாயை எடுத்தார்கள். பேசக் கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனாள். கணவர் கட்டிலோரம் உட்கார்ந்து மாத்திரையைப் பிரித்தார். நன்றாகத் திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள்.

"இத்தனை வருஷத்துல உன் வாய் மூடாதான்னு ஆயிரம் தடவை கேட்டிருப்பேன்" என்றார். "ஒரு தடவைகூட நெசமா கேட்டதில்லடி."

அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே மாத்திரைக்குக் கையை நீட்டினாள்.