மஞ்சள் ரயிலின் வேகம்

லண்டனில் பூமிக்கு அடியில் ஓடும் ரயில்களில் எது பறக்கும், எது ஊரும் என்பது எனக்கு மலாயாவின் கெடா மாநிலத்து ரப்பர்க் காட்டிலேயே தெரியும். லண்டனை நான் கண்ணால் பார்த்தது அறுபது வயதுக்குப் பிறகு. அதன் ரயில்களைப் பற்றித் தெரிந்துகொண்டதோ அங்கே வெள்ளைக்காரன் போட்ட எமர்ஜென்சி காலத்தில், கல்யாணம் ஆகாத பெண்ணாக, வெறும் வயிற்றோடு நின்றபோது. அந்தப் பாடத்துக்கு என் அக்காவின் வயிற்றுப் பிள்ளை பலியானது. அதற்குக் காரணமான கிராணியை, எங்கள் எஸ்டேட் குமாஸ்தாவை, நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. செத்துப்போனவனைப் பற்றித் தப்பாகப் பேசாதே என்று என் மகன் சொல்லுவான். நான் பேசுவேன். அவன் செத்தது என் குற்றமா?

மெர்போக் பக்கம் இருந்தது எங்கள் எஸ்டேட். வெள்ளைக்காரனோடு சண்டை போட்டுக் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக்கூடாது என்று எங்கள் லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டுவிட்டார்கள். விடியும்வரை ஊரடங்கு. கேட் திறந்ததும், பால் மரம் சீவப் போகும் ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். பெண்களைச் சோதிக்க ஒரு பெண் இருந்தாள். ஒரு பிடி சோறோ, ஒரு துண்டு ரொட்டியோ, சீனி போட்ட கோப்பியோ கொண்டுபோகக் கூடாது. மரம் சீவி, பாலைச் சேர்த்து, ஸ்டோரில் நிறுத்துப் போட்டுவிட்டு, மறுபடியும் கேட்டில் அடையாளக் கார்டைக் காட்டி உள்ளே வந்தால்தான் சாப்பாடு. அதற்குள் உச்சி வெயில் ஏறிவிடும்.

அந்தச் சமயத்தில் லண்டனிலிருந்து ஒரு சின்ன துரை வந்து சேர்ந்தார். பாவம், ஊர் நினைப்பு அவருக்கு அதிகம். ஆபிஸ் சுவரில் லண்டன் பாதாள ரயில் படத்தை மாட்டி வைத்திருந்தார். சிவப்பு, நீலம், ஊதா, மஞ்சள் என்று தடத்துக்கு ஒரு நிறம். ஒரு நாள் காலையில், வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக் களத்துக்கு அந்தப் படத்தைக் கொண்டுவந்து விரித்தார். எங்கள் நான்கு கோஷ்டிகளுக்கும் அந்த நிறங்களைப் பெயராக வைத்தார். ஸ்டோருக்குப் பக்கத்தில் சமதரையில் வேலை செய்தவர்கள் ஊதா. குன்றைச் சுற்றிச் சுற்றி ஏறி இறங்கிய நாங்கள் மஞ்சள். தீபாவளிக்குக் கிராணி வீட்டுக்குக் கோழி கொண்டுபோய்க் கொடுக்காத வீடுகளாகப் பார்த்துப் பொறுக்கித்தான் அவன் அந்தக் குன்றில் போட்டிருந்தான். எங்கள் வீடு அதில் முதல் வீடு.

துரை படத்தில் ஊதாக் கோட்டின் மேல் விரலை இரண்டே தாவலில் ஓரத்துக்குக் கொண்டுபோய்ச் சிரித்தார். மஞ்சள் கோட்டின் மேல் டக் டக் டக்கென்று கிட்டக் கிட்டத் தட்டிக்கொண்டே நெடுநேரம் இங்கிலீஷில் என்னவோ சொன்னார். எங்களில் ஒருவருக்கும் புரியவில்லை. கிராணிதான் எடுத்துச் சொன்னான்.

“ஊதா ரயிலுதான் லண்டன்லயே ரொம்ப வேகம், பறக்கும். செவப்பும் நீலமும் பரவால்ல. இந்த மஞ்சள் இருக்கே, அது தண்டம். ஓட்டுறவன் தூங்குமூஞ்சி, ஏறுறவன் சோம்பேறி. மேட்டுக் கோஷ்டிக்குப் பொருத்தமான பேருலா! இனிமே ஸ்டோருக்குக் கடைசியா வர்ற கோஷ்டி, கேட்டுலயும் கடைசியாத்தான் நிக்கணும். துரை உத்தரவு.”

துரை பேசியது அவ்வளவு நீளம், இவன் சொன்னது இவ்வளவு குட்டை. அன்றைக்கு அதை யோசிக்க எங்களுக்குத் தோன்றவில்லை.

அன்று முதல் எஸ்டேட்டே ரயில் ஓட்ட ஆரம்பித்தது. ஊதா பத்து மணிக்கெல்லாம் ஸ்டோரில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நாங்கள் எவ்வளவு ஓடினாலும் கடைசிதான். குன்றில் மரத்துக்கு மரம் ஏற்ற இறக்கம். காண்டாக் கம்பின் இரண்டு பக்கமும் பால் வாளி தொங்க, தோள் இற்றுப்போகும். கேட்டில் மற்ற மூன்று கோஷ்டியும் உள்ளே போய்ச் சாப்பிட்டுக் கை கழுவும்வரை நாங்கள் வெயிலில் நிற்போம். அக்காவுக்கு அப்போது நிறைமாதம். வேலைக்கு வராவிட்டால் பேரை வெட்டிவிடுவேன் என்று கிராணி சொல்லியிருந்தான். பசி தாங்காமல் அவள் கேட்டில் இரண்டு முறை மயங்கி விழுந்தாள்.

ஒரு நாள், “இன்னைக்கு ஒரு நாளாவது முன்னாடி போயிடணும்டி, என்னால நிக்க முடியல” என்று சொல்லிவிட்டு வாளிகளோடு சரிவில் ஓடினாள். “அக்கா, ஓடாத!” என்று நான் கத்துவதற்குள் வழுக்கி விழுந்து உருண்டாள். மேலெல்லாம் பால். அதற்கு அடியில் ரத்தம். பிள்ளை பிறந்து அழவே இல்லை. அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளையே தங்கவில்லை.

அத்தான் வாயில்லாப் பூச்சி. அழுதாரே தவிர யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. கிராணி பெரட்டில் நின்று, “யாரு அவள ஓடச் சொன்னா?” என்றான். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. உன்னைத் தெருவில் நிறுத்தாமல் விட்டால் நான் அக்காவுக்குத் தங்கச்சி இல்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

வழி அவனே காட்டினான். அந்தக் காலத்தில் கடையில் பால் டின் வாங்கினால், கடைக்கார நானா அதை மூடியில் இரண்டு ஓட்டை குத்தித்தான் கொடுப்பார். குத்தாத டின் காட்டில் பல நாள் கெடாமல் இருக்குமே, அதற்காகப் போட்ட சட்டம். ஓட்டை வழியாக எறும்பு ஏறும், வழியும், சீக்கிரம் புளிக்கும். எங்கள் கிராணியோ ரப்பர் எஸ்டேட்காரன் ஆயிற்றே! இரண்டு ஓட்டையிலும் ரப்பர்ப் பாலைச் சொட்டவிட்டுக் காயவைத்து அடைத்துவிடுவான். அந்த டின்னைச் சைக்கிள் பையில் போட்டு ஸ்டோருக்குக் கொண்டுவந்து, பத்து மணிக்கு ரப்பரை நகத்தால் பிய்த்து, கோப்பியில் ஊற்றி உறிஞ்சுவான். ஸ்டோரில் வாளி கழுவும்போது நானே பார்த்தேன். கேட்டில் அவனை யாரும் சோதிப்பதில்லை. சைக்கிள் மணி அடித்தால் வரிசை ஒதுங்கும், காவல்காரன் சலாம் வைப்பான்.

பெரிய துரையின் டிரைவரைக்கூடச் சோதிக்காமல் விடாத ஒரு புது மலாய் இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறார் என்று ஒரு நாள் பேச்சு அடிபட்டது. மறுநாள் விடியற்காலையில் அவர் எங்கள் கேட்டுக்கு வந்தார். நான் மஞ்சள் கோஷ்டிப் பெண்களிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: “இன்னைக்கு யாரும் ஒதுங்காதீங்க. மெதுவாப் போவோம்.”

வேலைக்கு வெளியே போகும்போதும் வழக்கம்போல எங்கள் கோஷ்டி கடைசி. பின்னால் கிராணி சைக்கிளில் வந்து மணி அடித்தான். நான் முந்தானையை அவிழ்த்து உதறினேன். வெற்றிலைப் பையைக் கவிழ்த்து, வெற்றிலையை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினேன். “நல்லாப் பாருங்கக்கா, அவசரமே இல்ல” என்று சோதிக்கும் பெண்ணிடம் சொன்னேன். எனக்குப் பின்னால் இருந்தவள் தலைத்துணியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தாள். அடுத்தவள் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து முகர்ந்து பார்க்கச் சொன்னாள்.

“நகருங்கடி! நேரமாச்சு!” என்று கிராணி கத்தினான்.

“மஞ்சள் ரயிலு மெதுவாத்தான் போவும் கிராணியாரே. நீங்கதானே சொன்னீங்க!” என்றேன்.

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். சத்தம் கேட்டு இன்ஸ்பெக்டர் வந்தார். கிராணி சைக்கிளைத் திருப்பப் பார்த்தான். அது போதுமே. “செமுவா பெரிக்சா” என்றார் அவர், எல்லோரையும் சோதிக்கச் சொல்லி. பைக்குள் கை போனது, டின் வந்தது. அடைத்திருந்த ரப்பரை இன்ஸ்பெக்டர் விரலால் தடவிப் பார்த்தார். “சியாப்பா புன்யா?” என்று கேட்டார், யாருடையது என்று. காட்டுக்காரர்களுக்கென்றே பக்குவமாக அடைத்த டின் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். கிராணியைப் போலீஸ் லாரியில் ஏற்றிச் சுங்கைப் பட்டாணி டவுனுக்குக் கொண்டுபோனார்கள். பல மாதம் கழித்து வெளியே வந்தான். எஸ்டேட் அவனை மறுபடி உள்ளே விடவில்லை. அவன் வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றியபோது நான் வேலி ஓரம் நின்று கடைசிப் பாய்வரை பார்த்தேன். இரக்கம் வந்ததா என்று கேட்காதீர்கள். வரவில்லை.

காலம் ஓடி, என் மகன் லண்டனுக்கு வேலைக்குப் போய், என்னையும் அழைத்தான். நான் முதலில் கேட்டது மஞ்சள் ரயிலைத்தான். ஏறி உட்கார்ந்தோம். மாட்டுவண்டிதான், சந்தேகமே இல்லை. ஒரு ஸ்டேஷனில் அது நகராமல் நின்றது.

“பின்னால ஊதா ரயிலு காத்துக்கிட்டு இருக்கும்மா. இங்க ரெண்டுக்கும் ஒரே தண்டவாளம். இது போனாத்தான் அது வரமுடியும்” என்றான் மகன்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். “இது ஏன்டா இப்படி ஊருது? ஓட்டுறவன் சோம்பேறியா?”

“அவன் என்னம்மா செய்வான்? இந்தத் தடத்துல ஸ்டேஷனெல்லாம் கிட்டக் கிட்ட. பழைய சுரங்கம், வளைவு வேற. வேகம் எடுக்கறதுக்குள்ள அடுத்தது வந்துடும். ஊதா ஊருக்கு வெளிய போயிட்டா ஸ்டேஷன் தள்ளித் தள்ளி இருக்கும். அதான் பறக்குது.”

என் சிரிப்பு நின்றுவிட்டது. மஞ்சள் கோட்டின் மேல் டக் டக் டக்கென்று தட்டிய துரையின் விரல் ஞாபகம் வந்தது. அவர் இதைத்தானே சொல்லியிருக்கிறார்! தடம் அப்படி, ஆள் மேல் தப்பில்லை என்று எங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பாவி அதை மறைத்துவிட்டு, தன் நாக்கிலிருந்து சோம்பேறி என்று எடுத்து எங்கள் மேல் துப்பினான். உத்தரவும் அவனுடையதாகத்தான் இருக்கும். சில மாத ஜெயிலோடு விட்டது போதவே போதாது.

அன்றைக்கே சுங்கைப் பட்டாணிக்கு அக்காவுக்குப் போன் போட்டேன். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லி, செத்தவனைத் தோண்டி எடுத்துத் திட்டினேன். நான் ஓய்ந்த பிறகு அக்கா ஒன்று கேட்டாள்.

“அந்த மஞ்ச ரயில்ல, புள்ளத்தாச்சிங்க வந்தா உக்கார எடம் விடுறாங்களாடி?”

“விடுறாங்கக்கா” என்றேன்.