றோட் ஷோவுக்கு பூட்ஸோட போனவன்

றோட்டு நல்லா இருந்தால் போட்டவனை ஒருத்தரும் நினைக்கிறதில்லை, குழி விழுந்தால்தான் எங்கட பரம்பரையையே நினைப்பினம். ஓக்லாந்தில கார் ஓடுற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. செம்மஞ்சள் கோனைக் கண்டவுடன நீங்கள் கண்ணாடிக்குள்ள இருந்து சொல்லுறதெல்லாம் எனக்கு விளங்குது. என்ரை படிப்பு அஞ்சாம் வகுப்பு. சாம்பியாவில எட்டு வருசம் கிரேடர் ஓடினன், மண்ணை வழிச்சு றோட்டை மட்டம் பண்ணுற மெசின். இப்ப இஞ்ச கோனும் ஸ்டொப் பலகையும்.

கண்ணாடி இறங்கின கார்

மவுண்ட் ரோஸ்கில்ல பலகை பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். முன்னால நிண்ட காரின்ரை கண்ணாடி இறங்குது. செந்தில் எண்டு ஒரு தமிழ்நாட்டுப் பிள்ளை, கொம்பியூட்டர் வேலை. "அண்ணா, மூணு வாரமா இங்க என்னதான் பண்றீங்க?" எண்டார். "உங்களைப் போல வடிவான ஆக்களை நிப்பாட்டிப் பாக்கிறம்" எண்டன். சிரிச்சுப்போட்டார். கதையோட கதையா சாம்பியா எண்ட சொல்லு என்ரை வாயில வந்திட்டுது. நான் பலகையைத் திருப்பிட்டன், பின்னால ஹோர்ண் அடிக்கிறாங்கள், இவர் அசையேல்லை. "சனிக்கிழமை மவுண்ட் ஆல்பர்ட் ஹால்ல சாம்பியா ரோட் ஷோ இருக்குண்ணா. நானும் ஃப்ரெண்டும் அங்க முதலீடு பண்ணலாமான்னு பாக்குறோம். நீங்க கண்டிப்பா வரணும், அந்த ஊர் ரோட்டப் பாத்தவங்க யாரையும் எங்களுக்குத் தெரியாது."

கலியாணத்துக்கும் இல்லாத வெளிக்கிடல்

றோட் ஷோ எண்டால் றோட்டைக் காட்டுவினம் எண்டு நினைச்சன். மெசினும் நிக்கும், ஏறி ஓடியும் பாக்கலாம். வேலைச் சட்டையைத் தோய்ச்சு, பூட்ஸைத் துடைச்சு, ஹெல்மெட்டையும் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டன். மனுசி வாசல்ல நிண்டு, "எங்கட கலியாணத்துக்கே நீங்கள் இப்பிடி மினுங்கேல்லை" எண்டா.

போனால் எல்லாரும் கோட் சூட். ஊர் ஊராய்ப் போய் முதலீட்டுக்கு ஆள் தேடுற கூட்டத்துக்கும் றோட் ஷோ எண்டுதான் பேராம். ஒருத்தர் என்னைக் கண்டவுடன, காரை எங்க விடுறது எண்டு கேட்டார். கேட்ட மனுசனுக்குச் சொல்லாமல் இருக்கேலுமோ? அவருக்குச் சொல்ல, பின்னால வந்தவையும் கேக்க, நாலு காரை நிரையா விட்டுக் குடுத்தன். அப்ப உள்ளுக்க இருந்து ஒரு அம்மா வந்தா. சிலேஷே எண்டு பேர், சாம்பியாவில இருந்து வந்த எஞ்சினியர், கூட்டம் வைச்சதே அவதான். என்னை மேலும் கீழும் பாத்திட்டு இங்கிலீசில சொன்னா: "எத்தினையோ ஊர் சுத்தி வந்திட்டன், றோட்டுக்காரன் மாதிரி ஒரு ஆளை இண்டைக்குத்தான் காணுறன்."

வடிவான புல்லு

உள்ளுக்க திரையில படம் ஓடுது. செம்புச் சுரங்கத்தில இருந்து எல்லைக்குப் போற றோட்டு. கடல் இல்லாத நாடு, அடுத்த நாட்டுத் துறைமுகத்துக்குச் சாமான் கனக்க லொறியிலதான் போகவேணும். டிரைவர்மார் லொறிக்குக் கீழ படுக்கினம். அவைக்குக் குளிக்க, படுக்க, டயர் மாத்த றோட்டோரத்தில பெரிய லொறி யார்ட் ஒண்டு கட்ட அந்த அம்மா ஆக்களைத் தேடுறா. அவ சுத்தின ஊர்களில ஓக்லாந்துதான் கடைசி, இன்னும் ஒருத்தரும் ஓம் எண்டு சொல்லேல்லை. செந்திலுக்கோ கிளென்ஃபீல்ட் வீட்டை வித்து அதில போடுற யோசினை. "மழைக்கு ரோடு தாங்குமா?" எண்டு கேட்டுப்போட்டு என்னைத் திரும்பிப் பாத்தார்.

எழும்பினன். "தாங்கும். அது நான் வழிச்ச றோட்டு, ஒவ்வொரு மதகும் எனக்குத் தெரியும்" எண்டன். ஹோலே திரும்பிப் பாத்தது. அந்த அம்மாவின்ரை முகம் பூவாய்ப் போச்சு.

அதோட இருந்திருக்கலாம். ஆனால் யார்டுக்கு எண்டு அவ காட்டின இடம் வடிவான புல்வெளி. அதை அங்க டம்போ எண்டு சொல்லுவினம், வெயிலுக்கு மைதானம், மழைக்குக் குளம், தண்ணி தேங்கிற அந்த மண்ணில மரம் வராது. நான் போன புதுசில, மட்டமான இடம்தானே எண்டு அதில கிரேடரை நிப்பாட்டினன். ஒரு மழை பெய்ய, அரைவாசிச் சில்லு மண்ணுக்குள்ள. இதைச் சொன்னால் அவவின்ரை யார்ட் போச்சு, சொல்லாட்டி செந்திலின்ரை வீடு போச்சு. என்ரை இங்கிலீசும் கிரேடர் மாதிரித்தான், மெல்லப் போகும், ஆனால் நிக்காது. முழுக்கச் சொன்னன். கிரேடரை இழுக்க வந்த சாம்பியாக்காரன் அண்டைக்கு என்னட்டைக் கேட்டதையும் சொன்னன்: "ஒரு மரமும் முளைக்காத இடத்தில நீ ஏன் நிப்பாட்டினாய்?"

பேருக்குப் பக்கத்தில ஒரு சொல்லு

அந்த அம்மா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சா. இடம் பாத்தது வேற ஆக்களாம், அதுவும் வெயில் காலத்திலயாம். பிறகு வரைபடத்தை மேசையில விரிச்சு, பேனையை என்னட்டைத் தந்து, "அப்ப எங்க?" எண்டா. அடுத்த மதகு தாண்டி, நாங்கள் றோட்டுக்குக் கிறவல் மண் வெட்டின மேட்டில வட்டம் போட்டன். செந்திலும் ஃப்ரெண்டும் குசுகுசுத்துப்போட்டு எழும்பிச்சினம். "மேடம், நான் வீட்ட இப்ப விக்கல. மழைக்காலத்துல வந்து அந்த மேட்டப் பாக்குறோம். தண்ணி நிக்கலேன்னா நாங்க ரெண்டு பேரும் சேர்றோம். இந்த அண்ணனும் கூட வரணும்" எண்டார் செந்தில்.

அந்த அம்மா என்ரை கையைப் பிடிச்சு நல்லாக் குலுக்கினா. பேப்பரில என்ரை பேரை எழுதி, பக்கத்தில 'கன்சல்டன்ட்' எண்டும் எழுதினா. அப்பிடியெண்டால் என்ன எண்டு செந்திலிட்டக் கேட்டன். "வேலை செய்யாம சொல்லிக்கிட்டே இருக்கிறவர்ணா."

அவ்வளவு தூரம் றோட்டுப் போட்டும் ஒரு கல்லிலயும் என்ரை பேர் இல்லை, ஒரு இடத்தில கட்டாதேங்கோ எண்டு சொன்னதுக்குத்தான் அது பேப்பரில ஏறிச்சுது.