கிளாம்ப் மீட்டரும் ஒரு கையெழுத்தும்

கரண்டை எப்படி மிச்சப்படுத்துவது என்று ஊருக்குச் சொல்லும் வேலைக்கு, கரண்டே இல்லாத வருஷத்தில் போனவன் நான். ரிப்போர்ட்டும் கையுமாகக் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கிய சக இன்டர்ன்ஷிப் தியாகிகளுக்கு என் வலி புரியும். 2008, பொறியியல் இறுதி ஆண்டு. எட்டு வாரத்துக்குள் ஒரு முதலாளியாவது நான் சொன்ன யோசனையைச் செய்து பார்த்து, பலன் இருக்கிறது என்று கல்லூரிப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் அரியர். அரியர் விழுந்தால், கேம்பஸ் இன்டர்வியூவில் கிடைத்திருந்த வேலையும் போச்சு.

ஐஸ் பேக்டரியில் அமைதி

கடலூர் முதுநகரில் ஒரு ஐஸ் பேக்டரி. மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பார்க்க, கேபிளைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் மீட்டரைப் பந்தாவாக மாட்டினேன். பூஜ்யம். கழற்றி மாட்டினேன். மறுபடியும் பூஜ்யம். மீட்டரைத் தட்டினேன், பேட்டரியை மாற்றினேன். மோட்டார் சத்தமே கேட்காததைக்கூட 'நல்ல மெஷின்' என்று நோட்டில் குறித்து வைத்திருந்தேன். டீ குடித்தபடி இத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்த முதலாளி கடைசியில் வாயைத் திறந்தார். "மீட்டரு சரியாத்தான் காட்டுது தம்பி. ஒரு மணி நேரமா கரண்ட் இல்ல."

வெளுத்த செயின்

அடுத்தது திருப்பாதிரிப்புலியூரில் ஒரு நகைக்கடை. கூரை முழுக்க மஞ்சள் பல்பு. ஏ.சி. போட்டும் உள்ளே புழுக்கம். முதலாளியின் கையைக் காலைப் பிடித்து, ஒரு ஷோகேஸுக்கு மட்டும் வெள்ளை சி.எஃப்.எல். பல்பு மாட்ட வைத்தேன். சூடும் குறைந்தது, கரண்டும் குறைந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாளே படிவத்தை நீட்டினேன். அவர் பேனா மூடியைத் திறந்த நேரம் பார்த்து, முந்தின நாள் மஞ்சள் வெளிச்சத்தில் செயின் பார்த்துவிட்டுப் போன அம்மா ஒருவர் மகளோடு வந்தார். அதே செயினை எடுத்து வெள்ளை வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினார். முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்து, பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். அந்த அம்மா சொன்னது இதுதான்: "இது நேத்து காட்டுன செயினு இல்லீங்க. நேத்து தங்கமால்ல இருந்துச்சு."

ஈர உமி

மிச்சம் இருந்தது இரண்டே வாரம். சிதம்பரத்தில் ஓர் அரிசி ஆலை. நெல் அவிக்கும் பாய்லரிலிருந்து கரும்புகை. துணி காயப்போட்ட பக்கத்துத் தெருக்காரர்கள் தினமும் சண்டைக்கு வந்தார்கள். நான் மூன்று நாள் காற்று, வெப்பம் என்று அளந்து நோட்டை நிரப்பினேன். ஒன்றும் பிடிபடவில்லை. பாய்லருக்கு உமி தள்ளும் கலியபெருமாள் அண்ணன் என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். "மழைல உமி நனைஞ்சு கெடக்குது தம்பி. ஈரத்த எரிச்சா பொகையாம இன்னா பண்ணும்? ஒரு படுதா வாங்கி மூடச் சொல்லு."

அதை இங்கிலீஷில் நாலு பக்கமாக்கி, ஒரு கிராஃபும் வரைந்து முதலாளியிடம் கொடுத்தேன். அன்று மாலையே படுதா வந்தது. நான் போட்ட முடிச்சு முதல் காற்றிலேயே அவிழ்ந்துவிட, அண்ணன்தான் இறுக்கிக் கட்டினார். நாலாம் நாள் புகை வெளுத்தது. உமியும் குறைவாகவே பிடித்தது.

முதலாளி படிவத்தை வாங்கிப் பேனாவைத் திறந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. "இது கலியபெருமாள் அண்ணன் சொன்னதுங்க" என்று உளறிவிட்டேன். பேனா அப்படியே நின்றது. வேலை போச்சு என்றே நினைத்தேன். "மூணு வருஷமா சொல்றான். வேலை செய்ய ஒடம்பு வணங்காம சொல்றான்னு நெனச்சேன்" என்று முனகிவிட்டு, அவர் கையெழுத்துப் போட்டார். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் சிரித்தார். "நான் சொன்னா சோம்பேறித்தனம், நீ சொன்னா ரிப்போர்ட்டு. போவட்டும் தம்பி, கரும்பொகை நின்னுச்சுல்ல."

அந்தப் பாடத்தில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் எனக்குத்தான். படுதாவுக்கு முடிச்சுப் போட மட்டும் இன்றுவரை தெரியாது.