இன்னும் கொஞ்சம் கனம்

எங்கள் ஊரில் வேட்டை வருடத்துக்கு ஒரே நாள்தான். வேட்டையாடப்படுவது வாழைமரம். நவராத்திரி முடிந்த மறுநாள் சாயங்காலம் சாமி மரக்குதிரையில் ஏறி, ஊருக்கு வெளியே கண்மாய்க்கரைப் பொட்டலுக்கு வரும். அங்கே ஒரு வாழையை நட்டு, அதுதான் அசுரன் என்று எல்லோரும் ஒப்புக்கொள்வோம். சாமி சார்பில் ஒருவர் மூன்று அம்பு விடுவார். ஒன்றாவது வாழையில் தைக்க வேண்டும். தைத்தால் மழை பெய்யும் என்பது பேச்சு. தீபாவளிக்கு இருபது நாள் இருக்கையில் பட்டாசு ஊரில் யாராவது மழை கேட்பார்களா? மானாவாரிக் காடு வைத்திருப்பவர்கள் மழை வேண்டும் என்றும், கம்பெனிக்குப் போகிறவர்கள் தீபாவளி கழியட்டும் என்றும் ஒரே சாமியிடம் ஒரே நேரத்தில் கும்பிடுவார்கள். சாமி பாடு திண்டாட்டம்தான். ஆனால் மூன்று அம்பும் தப்பிப் போவதை இரண்டு தரப்புமே விரும்பாது. அது ஊருக்கே ஆகாது என்பார்கள்.

அம்பு விடும் உரிமை எங்கள் குடும்பத்துக்கு. பெரியப்பாதான் பல வருடமாக விட்டுக்கொண்டிருந்தார். நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம் அவர் சைக்கிளிலிருந்து விழுந்து தோள்பட்டை நழுவிவிட்டது. வைத்தியம் பார்த்தும் வலது கை காது உயரத்துக்கு ஏறவில்லை. ஆக, வில் அப்பா கைக்கு வந்தது. இதில் ஒரே ஒரு சிக்கல். அப்பாவும் பெரியப்பாவும் பேசி மூன்று வருடம் ஆகியிருந்தது.

காரணம் அத்தையின் கல்யாணப் பத்திரிகை. ஊர் உலகத்துக்கெல்லாம் பத்திரிகை அடித்துக் கொடுக்கிற சிவகாசியில்தான் அதையும் அடித்தார்கள். பெட்டி பெட்டியாக வந்து இறங்கியதில் பெரியப்பா பெயர் இருந்தது, தூரத்துச் சொந்தமெல்லாம் இருந்தது, அப்பாவின் பெயர் மட்டும் இல்லை. புரூஃப் பார்த்தவர் பெரியப்பா. அச்சுக்காரர் விட்டுவிட்டார் என்றார் அவர். பார்த்தவருக்குக் கண் எங்கே போனது என்றார் அப்பா. அத்தைக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து நடக்கவும் ஆரம்பித்தாயிற்று, அந்தப் பேச்சு இன்னும் முடிந்தபாடில்லை.

சண்டை அவர்களுக்குள். தண்டனை எனக்கு. பெரியப்பாவின் ஒரே மகளான அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். எனக்குச் சடை போட்டுவிடுவதும், பாண்டி ஆட்டத்தில் என்னை வேண்டுமென்றே ஜெயிக்க விடுவதும் அவள்தான். இரண்டு தெரு தள்ளி இருந்த அந்த வீட்டுக்கு நான் போகக்கூடாது என்று ஆனதும், பள்ளிக்கூடத்துக் குழாயடியில் மட்டும்தான் அவளைப் பார்க்க முடிந்தது. எனக்கு அழுகையாக வரும். யாரிடமும் சொல்ல மாட்டேன்.

அப்பா பட்டாசுக் கம்பெனியில் ராக்கெட் ரூமில் வேலை பார்த்தார். மத்தியானத்துக்கு மேல் வெயிலில் வெடிமருந்து வேலை செய்யமாட்டார்கள் என்பதால் மூன்று மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவார். புரட்டாசி பிறந்ததும் கொல்லையில் வில் வேலை தொடங்கியது. மூங்கிலை உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டிச் சுரண்டி, நாணை ஏற்றி, தூர நின்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். மேல்பாதி அதிகம் வளைந்தால் கீழ்பாதியைச் சுரண்டுவார். கழித்துப் போட்ட பெரிய ராக்கெட் குச்சிகள்தான் பழகுவதற்கு அம்பு. வைக்கோல் அடைத்த சாக்கை வேப்ப மரத்தில் கட்டித் தொங்கவிட்டு எய்வார். தைத்த அம்பின் வால் மேல்நோக்கி நின்றால், நாணில் அம்பு உட்காரும் இடத்தில் சுற்றியிருந்த நூலை அவிழ்த்து ஒரு நெல் அளவு நகர்த்துவார். வால் நேராக நிற்கும்வரை நாலு நாள் இப்படியே போனது. பக்கத்து வீட்டுக் கோழிகள் எங்கள் கொல்லைப் பக்கம் வருவதையே விட்டுவிட்டன.

வில் படிந்த பிறகு முனைக்கு வந்தார். வேட்டை அம்புக்கான மூன்று இரும்பு முனைகளும் கோயில் பெட்டியில் பூட்டி இருக்கும். அன்றைக்குத்தான் திறப்பார்கள். அதுவரை வேறு முனையில்தான் பழக வேண்டும். அப்பா ஓர் ஆணியில் கட்டுக்கம்பியை நெருக்கிச் சுற்றி ஒரு முனை செய்து என்னிடம் காட்டினார்.

“கோயில் முனை எம்புட்டுக் கனமோ அம்புட்டுக் கனத்துலதான் பழகணும் தாயி. கனம் கூடினா அம்பு கீழ போகும், கொறஞ்சா மேல போயிரும். அந்தக் கனம் பெரியப்பா கைக்குத்தான் தெரியும். கொண்டு போய்க் காட்டிட்டு வா. நான் குடுத்துவிட்டேன்னு மட்டும் சொல்லாத.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜாமெட்ரி பாக்ஸில் முனையை வைத்துக்கொண்டு ஒரே ஓட்டம். “இது தெருவுல கெடந்துச்சு பெரியப்பா, கோயில் மொனை மாதிரி இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க” என்று, வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததை ஒப்பித்தேன். கட்டுக்கம்பி பளபளவென்று புதிதாக இருந்தது. பெரியப்பா அதை ஒன்றும் கேட்கவில்லை. முனையை உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடினார். லேசாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் கனம் வேண்டும் என்றார். அக்கா அதற்குள் சீப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பெரியம்மா தட்டு நிறையக் காராச்சேவு வைத்தாள். நான் வீடு திரும்ப இருட்டிவிட்டது.

இரண்டாம் முறையும் லேசு. மூன்றாம் முறை பெரியப்பா கண்ணைத் திறக்க வெகுநேரம் ஆனது.

“இதாந் தாயி. இதே கனந்தான்,” என்றார்.

கனம் சரியாகிவிட்டால் இனி எதைத் தூக்கிக்கொண்டு இந்த வீட்டுக்கு வருவது? அக்கா பின்னிவிட்ட இரட்டைச் சடையோடு தெருவில் நின்று யோசித்தேன். வீட்டுக்குப் போய், இன்னும் கொஞ்சம் கனம் வேண்டுமாம் என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். காதைச் சொறிந்துகொண்டார். பிறகு கட்டுக்கம்பியை எடுத்து இன்னும் நாலு சுற்றுச் சுற்றினார்.

நாலாவது முனையைக் கொண்டுபோகும்போது நான் ஓடவில்லை, மெதுவாகத்தான் நடந்தேன். பெரியப்பா நிச்சயம் கண்டுபிடித்துவிடுவார். அவர் முனையை வாங்கினார், கண்ணை மூடினார், என் முகத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் வேண்டும் போலத் தெரிகிறது என்றார். எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. கூடவே, பாவம், பெரியப்பாவுக்குக் கையோடு ஞாபகமும் போய்விட்டது என்று பரிதாபமும் வந்தது.

இப்படியாக ஏழு முனைகள். ஏழாவதைப் பார்த்த அம்மா, “அம்புக்கு மொனை செய்றாகளா, கம்மாய்க்கு மடை செய்றாகளா?” என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அந்தக் கனத்துக்கு அம்பு சாக்கைத் தொட வேண்டுமென்றால் வில்லை வேப்ப மரத்து உச்சிக்கு நேராகப் பிடிக்க வேண்டியிருந்தது. அப்பா அப்படியே பிடித்துப் பழகினார். ஒவ்வோர் அம்பும் சாக்கில் நச்சென்று தைக்கும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன். கோயில் முனையோ இதைவிட லேசு. கனம் குறைந்தால் அம்பு மேலே போய்விடும் என்று அவர் சொன்னதுதானே. சொல்லிவிடலாம் என்று சரஸ்வதி பூசை அன்று இரண்டு தடவை அவர் பக்கத்தில் போய் நின்றேன். சொன்னால் அக்கா வீட்டுப் படியை இனி மிதிக்க முடியாது. பொரிகடலையை மட்டும் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பினேன்.

மறுநாள் பொட்டலில் ஊரே திரண்டிருந்தது. பூசாரி பெட்டியைத் திறந்து முனைகளை நீட்டினார். அப்பா கனம் பார்க்கக்கூட இல்லை, நேராக அம்புகளில் செருகினார். நான் மரக்குதிரையின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் அம்பு வாழைக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் பறந்து வறண்ட கண்மாய்க்குள் விழுந்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இரண்டாவதும் அதே வழியில் போனது. இப்போது யாரும் சிரிக்கவில்லை. மேளம் தானாக நின்றது. எல்லாம் என்னால்தான் என்று எனக்குத் தெரியும். சாமிக்கும் தெரியும். அழக்கூடப் பயமாக இருந்தது.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெரியப்பா வந்தார். வலது கையைத் தொங்கப் போட்டபடி அப்பாவின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

“குருத்தப் பாக்காதலே. அடித்தண்டப் பாரு.”

அப்பா திரும்பவில்லை. “சரிண்ணே,” என்றார்.

அம்பு வாழையின் வயிற்றில் தைத்தது. குலவைச் சத்தத்தில் என் அழுகை யாருக்கும் கேட்கவில்லை. அன்றைக்குத் திரும்பி வரும்போது இருவரும் சேர்ந்தே நடந்தார்கள். வெட்டிய வாழையின் தார் பாதி எங்கள் வீட்டுக்கும் பாதி பெரியப்பா வீட்டுக்கும் வந்தது. நான் அடி விழும் என்று ஒரு வாரம் காத்திருந்தேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. மழை தீபாவளி கழித்துப் பெய்தது. சாமி சமாளித்துக்கொண்டது.

என் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தபோது புரூஃப் பார்க்க அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்தே சிவகாசிக்குப் போனார்கள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. கடைசிப் புரூஃபை வீட்டுக்கே கொண்டுவந்து, எங்கள் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தார்கள். அந்தக் காட்சியைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. மூன்றாவது முனையே சரியான கனம் என்று பெரியப்பா சொன்னதையும் நான் மாற்றிச் சொன்னதையும் போட்டு உடைத்துவிட்டேன். இரண்டு பேரும் என்னைத் திட்டுவார்கள், பிறகு சிரிப்பார்கள் என்று நினைத்தேன்.

அப்பா புரூஃபிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

“வருசா வருசம் அண்ணன் அம்பு விடும்போது அந்த மொனைகளைத் தொடச்சு, எண்ணெ போட்டு எடுத்துக் குடுத்தது நாந்தான் தாயி. அது எம்புட்டுக் கனம்னு எனக்குத் தெரியாதாக்கும்?”

என்னை எதற்காக அனுப்பினார் என்பது பதினைந்து வருடம் கழித்து அப்போதுதான் விளங்கியது. ஞாபகம் போய்விட்டது என்று நான் பரிதாபப்பட்ட பெரியப்பா, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அடுத்த பெயருக்கு விரலை நகர்த்தினார். முதல் இரண்டு அம்பும் என் பொய்யால் தப்பியவை என்றுதான் அத்தனை காலமும் நினைத்து வெந்திருந்தேன். கனம் தெரிந்த கை, பெரியப்பா வந்து நிற்கும்வரை ஏன் அவற்றை அவ்வளவு மேலே விட்டது என்று அப்பாவிடம் கேட்க வாய் வரை வந்தது. பெரியப்பா பக்கத்தில் இருந்ததால் கேட்கவில்லை.